ஆடாத மேசை

1992 மார்கழியின் முதல் திங்கட்கிழமை. ஆஸ்பத்திரித் தாதி நான்; வழக்கம்போல வார்ட்டுக்கு வந்ததும் குறைமாதக் குழந்தைகளைச் சுற்றியிருந்த சுடுநீர்ப் போத்தல்களை மாற்றினேன். எட்டு மணிக்குப் பரிசோதனைக்கூடத்திலிருந்து அன்றைய முதல் அதட்டல் வந்தது: "ஆடாதேங்கோ!"

யாழ்ப்பாணக் குடாநாட்டையே அசையாமல் நிறுத்தப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். இரத்தம் பரிசோதிப்பவர். எங்களுக்கு அவர் 'ஆடாதேங்கோ அண்ணை'.

குறைமாதப் பிள்ளையிடம் சில துளிகளுக்கு மேல் எடுக்க முடியாது. அதை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பார். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். மேசை அதிர்ந்தாலும் இறங்கிவிடும். அதனால் மேசைக்கால்களுக்குச் சைக்கிள் டயர்த் துண்டுகள். தும்முகிறவர்களுக்கு வெளியே வேப்பமரத்தடி. ஒருமுறை பெரிய டொக்டரையே வாசலில் ஒற்றைக்காலில் நிறுத்தினார். "மற்றக் காலை மெல்ல வையுங்கோ ஐயா, நிலம் அதிருது." போதாததற்குத் தன் விரலையும் குத்தி, பக்கத்தில் தன் இரத்தத்தை ஒரு குழாயில் வைப்பார். அது வழக்கமான அளவே இறங்கினால் மேசை ஆடவில்லை என்பதற்குச் சாட்சி.

அன்று ஆறரை மாதத்தில் பிறந்த ஒரு பிள்ளை பால் ஏற்காமல் சோர்ந்து கிடந்தாள். தாய் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தவள். இரத்தத்தில் கிருமியோ என்று டொக்டருக்குச் சந்தேகம். கடைசியாக மிஞ்சிய ஊசிமருந்து அந்தச் சின்னஞ்சிறு சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும். வீணாகப் போடவும் முடியாது, பிந்தவும் முடியாது.

பிள்ளையுடையதும் அவருடையதுமாக இரண்டு குழாய்கள் மேசையில் ஏறிய பின் பொம்மர் விமானம் வந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பதுங்குகுழிக்கு ஓடும்போது அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, பொம்மர் சுத்துது! பங்கருக்கு வாங்கோ!"

"உந்த இரத்தம் இறங்கி முடியட்டும் மிஸி. பிறகு நான் இறங்கிறன்."

"குழாயையும் தூக்கிக்கொண்டு வாங்கோவன்!"

"விசரோ உங்களுக்கு? ஆட்டிப்போட்டு, திரும்பவும் அந்தக் குஞ்சுக் காலிலை குத்துவியளோ?"

குண்டு விழுந்தது. பங்கர்க் கூரையிலிருந்து மண் கொட்டியது. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தாய் என் கையை விடவில்லை. இரைச்சல் ஓய்ந்த பிறகும் அவரைக் காணவில்லை.

பிறகு எங்களோடு பங்கரில் இருந்த டொக்டரிடம் வந்தார், தலை நிறையச் சுண்ணாம்புத் தூளோடு.

"டொக்டர், பிள்ளையின்ரை இரத்தம் விறுவிறெண்டு இறங்கீட்டுது. மருந்தைப் போடுங்கோ."

"மேசை ஆடேல்லையோ?"

"சன்னல் ஆடினது. நானும் ஆடினனான். ஆனா என்ரை இரத்தம் வழக்கமான இடத்திலைதான் நிக்குது."

டொக்டர் அந்த இடத்திலேயே மருந்தைப் போட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சுடுநீர்ப் போத்தலை மாற்றப் போனேன். அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார், செருப்பைக் கையில் பிடித்தபடி. பிள்ளை ஒரு காலை மெல்ல உதைத்தாள்.

அவர் குனிந்தார். "ஆடு குஞ்சு," என்றார், "நல்லாய் ஆடு."