சுஃபியாவின் கிளிப்பும் என் பாலிசியும்

மகளோட பல்லுக்கு என் பையிலிருந்து ஒத்தப் பைசா போகக் கூடாதுன்னு ஒரு சபதம் எடுத்தேன். நாலே நாள்தான் அதுக்கு ஆயுசு.

மகள் சுஃபியாவுக்குப் பதினாலு வயசு. மேல்வரிசையில ரெண்டு பல்லு, இடம் பிடிக்கிற பயணிக மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். பெருநாளைக்கு எடுத்த போட்டோ அம்புட்டுலயும் அவ துப்பட்டாதான் தெரியுது. ஸ்கூல் பேச்சுப் போட்டிக்குக் கொடுத்த பேரையும் வாபஸ் வாங்கிட்டா. வாயைப் பொத்திக்கிட்டு எப்படி அத்தா பேசுறதுன்னு கேட்டா.

"கிளிப் போட்டுரலாம்ங்க"ன்னா என் மனைவி சாதிகா.

எனக்கு விளக்குத்தூண் பக்கம் லுங்கிக் கடை. புது பைக் வாங்க மூணு வருஷமாக் காசு சேத்து வச்சிருந்தேன். அது பக்கம் அவ கண்ணு போகுதுன்னு புரிஞ்சு போச்சு.

"குடும்பப் பாலிசி எதுக்கு இருக்கு? வருஷா வருஷம் கட்டுறோம், ஒரு காய்ச்சலுக்குக்கூட வாங்கினதில்ல. பல்லுக்கு அவன் தருவான்."

"தரலைன்னா?"

"பைக் காச அப்படியே தாரேன்."

"அப்படியேவா?"

"அப்படியே!"

உடனே பக்கத்து வீட்டு அப்சானாவைக் கூப்பிட்டா. "அண்ணன் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா. அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க, எங்க வீட்டுக்காரர் காதுலயும் விழட்டும்."

சொன்னேன். சத்தமாவே சொன்னேன்.

மறுநாள் இன்சூரன்ஸ் நம்பருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் மியூசிக். அப்புறம் ஒரு பொண்ணு தேன் மாதிரிச் சொல்லுச்சு: "சார், உங்க பாலிசில விபத்துல பல்லு அடிபட்டாத்தான் பணம். வரிசை சரி பண்றதுக்குக் கிடையாது."

விபத்துதானே? உண்டாக்கிட்டாப் போச்சு!

சாதிகா, சுஃபியா ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு பல் டாக்டர் சுபலட்சுமிகிட்டப் போனேன். மெதுவாக் குனிஞ்சு, "டாக்டர், பிள்ளை மாடிப்படியில விழுந்துருச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க"ன்னேன்.

அவங்க சுஃபியா வாயைப் பாத்தாங்க. அப்புறம் என் வாயைப் பாத்தாங்க.

"நீங்களும் அதே படியிலதான் விழுந்தீங்களா?"

என் ஏறுபல்லு தெரியாம வாயை மூடிக்கிட்டேன்.

"நான் பல்லுக்குக் கம்பி போடுறவ சார். என்னையக் கம்பி எண்ண வச்சிராதீங்க. இந்தப் பாலிசில கிடைக்காதுன்னு பத்து நாளைக்கு முன்னாடியே உங்க மிசஸ்கிட்டச் சொன்னேனே? எக்ஸ்ரேயும் அளவும் எடுத்தாச்சு. பணம் எப்பன்னு கேட்டதுக்கு, ரெண்டு வாரத்துல அவரே தருவார்னாங்க."

திரும்பிப் பாத்தேன். சாதிகா தொட்டியில நீந்துற மீனை அக்கறையாப் பாத்துக்கிட்டிருந்தா.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் 'தரலைன்னா'ன்னு கேட்டியா?"

"ஆமாங்க. அப்சானாவுக்குப் போன் போடவா?"

என் திட்டம் பல்லிளிச்சிருச்சு. பைக் காச அப்படியே சாதிகா கணக்குக்கு மாத்தினேன், அவ கிளிப்புக்குக் கட்டினா.

ஒரு மணி நேரம் கழிச்சு சுஃபியா வெளிய வந்தா. பல்லுப் பல்லுக்குப் பச்சை ரப்பர். கை வாய்ப் பக்கமே போகல.

"அத்தா, எப்பிடி இருக்கு?"

முப்பத்திரண்டும் தெரியச் சிரிச்சா. அவளுக்கு இருபத்தெட்டுதான், ஆனா எனக்கு முப்பத்திரண்டு தெரிஞ்சுச்சு. அங்கேயே அம்மா போனை வாங்கி டீச்சரைக் கூப்பிட்டா. "மிஸ், பேச்சுப் போட்டில என் பேரத் திரும்பச் சேத்துக்கங்க."

பைக் என்ன பைக்? பழைய ஸ்கூட்டரு நல்லாத்தானே ஓடுது!

இருந்தாலும் வாசல்ல வச்சு சாதிகாகிட்ட மெல்லக் கேட்டேன். "கிளிப்புக்குப் போக மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு. அதுல நாளைக்கு எனக்குப் போடப் போறேன்."

"ஒனக்கா?"

"முன்பல்லு ரெண்டு கோணல். கல்யாண ஆல்பத்துல நான் வாயைத் திறந்து பாத்திருக்கீங்களா?"

பதினாறு வருஷமா நான் கவனிக்கவே இல்ல. மனசு கரைஞ்சு போச்சு.

"அப்ப நான் எம்புட்டுத் தமாஷ் பண்ணியும் நீ சிரிக்காம இருந்ததுக்குக் காரணம் இந்தப் பல்லுதானா சாதிகா?"

"பல்லு இல்லீங்க," அவ ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்தா. "உங்க கடி."