மாப்பிள்ளையின் வேனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் உங்கள் அம்மாவும் நலம். வெளியூரில் நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். உங்கள் வேனும் நலம். முன்பக்கப் பம்பரும் ஒரு விளக்கும் மட்டும் தற்சமயம் அதனோடு இல்லை.

சர்வீஸுக்கு விடும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லிப் போனதை நான் மறக்கவில்லை. ஆனால் மலைமேல் ஏரி நிரம்பி வழிவதாகப் பேப்பரில் போட்டிருந்தான். அதைத் தான் பார்த்ததே இல்லை என்றார் உங்கள் அம்மா. சம்பந்தியம்மா வாய்விட்டுக் கேட்டு நான் மறுத்தால் என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே நானே ஓட்டினேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை, இறங்கும்போதுதான் வினை வந்தது. வளைவுக்கு வளைவு என் மனைவி "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வர, நானும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கினேன். எட்டாவது வளைவில் ஏதோ தீய்ந்த வாடை. "யாரு வீட்லயோ அடுப்புல அடிபிடிக்குது" என்றாள் அவள். சுற்றிலும் பாறை, இதில் வீடாவது அடுப்பாவது. ஒன்பதாவது வளைவில் மிதித்தால், பஞ்சு மூட்டையில் வைத்த மாதிரி கால் தரைவரை போய்விட்டது.

"சம்பந்தி, என்ன ஆச்சு?" என்று கேட்டார் உங்கள் அம்மா.

"ஒண்ணும் ஆகலம்மா. பிரேக் இல்ல, அவ்வளவுதான்."

"ஏங்க, அப்பவே மெதுவாப் போங்கன்னு சொன்னேன்ல?"

"இப்ப மெதுவாப் போறது என் கையில இல்லடி."

ஆனாலும் நான் நிதானம் இழக்கவில்லை. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரைக் குறைத்தேன். இன்ஜின் கத்திய கத்தலில் மலையே எழுந்து வழிவிட்டது எனலாம். கைப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அடிவாரத்தில் ஒரு மர மில், அதன் வாசலில் வீட்டளவு மரத்தூள் குவியல். கேட்டை இடித்துக்கொண்டு அதற்குள் வேனைச் செருகிவிட்டேன். மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை, தும்மல்தான் நிற்கவில்லை. மில்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "சொல்லி அனுப்பியிருந்தா கேட்டைத் திறந்து வச்சிருப்பேனே" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் கல் மாதிரி நிற்கிறது. "பெரியவரே, நல்லாத்தானே இருக்கு" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். உள்ளே கஷாய நிறத்தில் பிரேக் ஆயில். "நாள்பட்ட ஆயில்ல ஈரம் ஏறிடும். மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூட்டுல கொதிச்சுக் குமிழி கட்டிடும், அப்புறம் மிதிச்சா காத்துதான் அமுங்கும். இப்ப ஆறிடுச்சு, நிக்குது. நாலு வருஷமா மாத்தல போல" என்றார். மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் அல்ல என்று அடித்துச் சொன்னேன்.

முழுக் குற்றமும் என்னுடையது. உங்கள் அம்மாவை ஒரு வார்த்தை கேட்காதீர்கள். அவர் பின் சீட்டில் தானுண்டு ஜன்னலுண்டு என்று வந்தவர்.

எந்த மலையானாலும் கீழ் கியரில் இறங்கி, இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: கண்ணா, இது அம்மா எழுதுவது. சம்பந்தி தபால்தலை தேட எழுந்தபோது இதைப் படித்தேன். பாவம், என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் எழுதியிருக்கிறார். வண்டி ஓட்டியது நான்தான். மூன்று மாதமாகக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டேன்; நீ தடுப்பாய் என்றுதான் சொல்லவில்லை. "மெதுவா, மெதுவா" என்றது சம்பந்தி. பக்கத்தில் இருந்து கியரைக் குறைக்கச் சொல்லி, கைப் பிரேக்கை இழுத்தது உன் மாமியார். பிரேக் போனதும் கண்ணை மூடிய சம்பந்தி, மரத்தூளிலிருந்து தோண்டி எடுத்த பிறகுதான் திறந்தார். புது பிரேக் ஆயில் ஊற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் மாமியாரும் மறுபடி ஏரிக்குப் போகிறோம். சம்பந்தி பஸ்ஸில் வருகிறாராம்.