அரைக்கொலை ஆசாமி

உலகத்தில் கொலைகாரர்கள் இருக்கிறார்கள். எறும்பைக்கூட மிதிக்காமல் தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், எந்த விலங்கியல் புத்தகத்திலும் பெயர் ஏறாமல், ஆனால் தெருவுக்கு நாலு பேர் வீதம் தழைத்து வளர்ந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். அரைக்கொலை ஆசாமி என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். ஆசாமி கொல்ல ஆரம்பிப்பார். முடிக்கமாட்டார்.

முடிக்காவிட்டால் என்ன, பாவம் போகட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரைக்கொலை ஆசாமி அதற்கு நேர் எதிர். அவர் நூற்றைக் கொல்லப் புறப்பட்டால் ஆயிரம் பிறக்கும், அதுவும் முன்னதைவிடக் கெட்டிக்கார ஆயிரம்.

இந்த இனத்தில் மிகச் சிறந்த மாதிரி ஒன்று எங்கள் எதிர்வீட்டில் வசிக்கிறது. குடியிருப்பில் உள்ள குழந்தைகள் எல்லாம் அவரை மருந்து மாமா என்றுதான் கூப்பிடும். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் உயர்ந்த பதவியில் இருப்பவர், நல்ல மனிதர், லிப்டில் எல்லோருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவரைப் பார்க்கக் கூடாது. மகனுடைய நீச்சல் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, மனைவியின் பழைய துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டி, கையுறை கிடைக்காததால் கைகளில் பிளாஸ்டிக் பைகளை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, தோளில் மருந்தடிக்கும் பம்புடன் அவர் சமையலறைக்குள் நுழையும் கோலத்தைக் கண்டால் கரப்பான்பூச்சி சிரித்தே செத்துப்போக வேண்டும். ஆனால் சாகாது.

ஏன் சாகாது? மருந்துப் பாட்டிலின் மேல் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூடி என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. மாமா அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படிப்பார். படித்துவிட்டு அரை மூடி ஊற்றுவார். அதுவே அதிகம் என்று மனம் உறுத்துமோ என்னவோ, தண்ணீரை இன்னும் ஒரு செம்பு சேர்ப்பார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதுவான். அவனுக்குப் பாட்டில் காலியாகணும். நமக்குக் கொஞ்சம் வாசனை காட்டினா போதும், அதுங்களுக்கே புரிஞ்சுடும்."

புரியத்தான் செய்கிறது. அடித்த கொஞ்ச நேரத்தில் நோஞ்சான்கள் எல்லாம் மல்லாந்து விழும். மாமா அவற்றைக் குப்பைவாரியில் கூட்டி எடுத்து, வாசல் வரை கொண்டுவந்து, எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் கதவைத் தட்டிக் காட்டுவார். நானும் எத்தனையோ முறை பல்துலக்கிக்கொண்டே அந்தக் கண்காட்சியைப் பார்த்திருக்கிறேன். அவர் பார்ப்பது செத்ததை. பார்க்க வேண்டியது சாகாததை. அது ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் நிற்கிறது. தோல் தடித்தது, வாசனை வந்ததுமே ஓடத் தெரிந்தது, மருந்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுவது எல்லாம் அங்கேதான் கூட்டமாக இருக்கும். சோப்ளாங்கிகள் குப்பைவாரியில் போய்விட்டன. இனி பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது? தடித்தோலுக்கும் தடித்தோலுக்கும்தான் சம்பந்தம். அடுத்த தலைமுறை முட்டையிலிருந்து வரும்போதே மாமாவின் மருந்துக்குப் பழகிக்கொண்டு வரும். காட்டில் இயற்கை இதே வேலையைச் செய்ய யுகக்கணக்காக எடுத்துக்கொள்கிறதாம். எங்கள் மாமா அதை வாராவாரம் காலை டிபனுக்கு முன்னால் முடித்துவிடுகிறார்.

இதில் நிஜமாகவே செத்துப்போனவர்களும் உண்டு. ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி ஒன்று, பால்கனி மூலையில் வலை பின்னியிருந்த எட்டுக்கால் பூச்சி ஒன்று. இரண்டும் கரப்பான் குஞ்சுகளைப் பிடித்துத் தின்று சம்பளம் வாங்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. மாமாவின் அரை மூடி அவற்றுக்கு முழு மூடியாகிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

மாமாவுக்கு இயற்கைமேல் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அக்கறை என்றால் அப்படி ஓர் அக்கறை. எங்கேயோ ஒரு கண்டத்தில் காண்டாமிருகம் குறைகிறது, தவளை குறைகிறது, தேனீ குறைகிறது என்று போனில் வரும் செய்தியை எல்லாம் உடனே எங்களுக்கும் அனுப்பிவைப்பார், கீழே ஓர் அழுகிற முகத்தோடு. குறைகிறவற்றின் கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூடுகிறவை எப்படிக் கூடுகின்றன என்ற கதை அவருடைய பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே நடக்கிறது. அதை மட்டும் குனிந்து பார்க்கமாட்டார். பரிணாம வளர்ச்சி என்ற பேச்சு ஒருநாள் வந்தபோது, அதெல்லாம் மனிதன் வந்ததோடு முடிந்துபோன சமாச்சாரம் என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது குரங்கு மாதிரி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

இந்த இனத்தின் குணம் பூச்சியோடு நிற்பதும் இல்லை. டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால் ஜுரம் விட்ட அன்றே நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த ஜுரத்துக்கு என்று எடுத்துவைப்பார்கள். உள்ளே பாதி செத்தும் பாதி சாகாமலும் கிடக்கும் கிருமிக்கு, இவ்வளவுதானா உங்கள் மருந்து என்று தைரியம் வந்துவிடும். எலிப்பொறி வைத்தால் அதே இடத்தில் அதே ரொட்டித்துண்டை வைப்பார்கள். ரொட்டிக்கு மயங்கும் எலி எல்லாம் போய், ரொட்டியைக் கண்டால் ஒதுங்கிப்போகும் எலிகள் மட்டும் வீட்டை ஆளும். இப்படியே போனால் எதிர்காலத்தில் பூமியில் யார் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப்பார்த்தேன். நம்மைச் சகித்துக்கொண்டு வாழத் தெரிந்தவர்கள்தான். காக்காய், எலி, கொசு, கரப்பான், அப்புறம் மாமாவின் மனைவி.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கேக் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அக்காவுடையதுதான். அலுவலகத்தில் தினமும் பிறருடைய கணக்கைச் சரிபார்த்துச் சரிபார்த்து அலுத்துப்போன அக்காவுக்கு, வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து விற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு, உணவு ஆய்வு அதிகாரி சமையலறையை நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் வரும் தேதியும் சில மாதம் தள்ளிக் குறித்தாயிற்று. அக்கா கேக் சுடுவதற்குக் கண்ணாடிக் கதவு போட்ட புது ஓவன் ஒன்று வாங்கி, அதன் ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல் மூடிவைத்திருந்தார்.

பூச்சி ஒழிக்கும் கம்பெனியைக் கூப்பிடலாம் என்று அக்கா சொன்னபோது மாமாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டில் ஒரு வீரன் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவதா? ஸ்ப்ரே பழைய காலத்து முறை என்று தானே ஒப்புக்கொண்டு, கடையிலிருந்து புதிதாக ஒரு விஷப் பசை வாங்கிவந்தார். தித்திப்பான பசை. கரப்பான் ஆசையாக வந்து தின்னும், தின்றதும் சாகும். மூலைக்கு ஒரு பட்டாணி அளவு வைக்கச் சொல்லியிருந்தார்கள். மாமா கடுகளவு வைத்தார்.

முதலில் நன்றாகத்தான் விழுந்தன. கண்காட்சிகள் நடந்தன. பிறகு விழுவது நின்றது, கண்காட்சியும் நின்றது, பசை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். ஒரு கரப்பான் வந்தது. பசையை மீசையால் தொட்டது. ருசி பார்த்தது. வாய்க்குக் கசந்ததுபோலப் பின்வாங்கி, விறுவிறுவென்று போய்விட்டது. தித்திப்புக்கு ஆசைப்பட்டவை எல்லாம் செத்து, தித்திப்பே ஆகாதவை மட்டும் பெருகியிருந்தன. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மாமாவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். சோதனைக்காக அக்கா செய்த கேக்கில் ஒரு துண்டை எடுத்துத் தொட்டிக்கடியில் வைத்தார். அதையும் எதுவும் தொடவில்லை.

"பாத்தீங்களா, திருந்திடுச்சு," என்றார். மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே உன் கேக்கைக் கண்ணெடுத்துப் பாக்காது. நீ தைரியமா கடையைத் தொறக்கலாம்."

அக்கா அந்தத் துண்டை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதிகாரி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். நடுத்தர வயது அம்மாள், அதிகம் பேசாதவர், கையில் சின்ன டார்ச். அக்கா மூன்று நாளாகத் தேய்த்த சமையலறை பளபளவென்று இருந்தது. அதிகாரி டப்பாக்களைத் திறந்து பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அக்காவின் கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை ஏறுவதை என்னால் பார்க்க முடிந்தது. கடைசியில் மேஜைமேல் இருந்த கேக்கின் பக்கம் அதிகாரி திரும்பிய நேரத்தில், பட்டப்பகலில், ஒரே ஒரு கரப்பான் மேஜை விளிம்பில் ஏறியது. நிதானமாக நடந்து கேக் வரை வந்தது. மோந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

ஒன்றுதானே, மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம், வெளியிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாளே விட்டிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அக்காவும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க மேடம். இது ஸ்வீட்டைத் தொடாது."

"இதுன்னா? வேற இருக்கா?"

"எதுவுமே தொடாது மேடம். உள்ள ஒரு நாப்பது அம்பது குடும்பம் இருக்கும், அத்தனையும் ஒரே மாதிரி. வேணும்னா ஃபிரிஜ்ஜை நகத்திக் காட்டவா?"

காட்டினார். மனிதர் நிஜமாகவே ஃபிரிஜ்ஜை நகர்த்திக் காட்டினார். அதிகாரி டார்ச்சை ஒருமுறை அடித்துப் பார்த்தார், அணைத்தார், எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாமா லிப்ட் வரை போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் திரும்பி வந்தபோது அக்கா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. கேக்கை மூடிவைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கொன்னுட்டேதான் இருக்கீங்க. ஒண்ணும் சாகலைங்க. என் ஆசை ஒண்ணுதான் செத்துச்சு."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. மாமா ஃபிரிஜ்ஜைத் திரும்ப அதன் இடத்துக்குத் தள்ளினார்.

மறுவாரம் அக்காவே கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டார். கொஞ்சம் தண்ணீர் கலந்துகொள்ளலாமே தம்பி என்று மாமா யோசனை சொல்ல ஆரம்பித்ததும், அக்கா அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஆட்கள் அளவைக் குறைக்காமல், ஓட்டை விடாமல், சொன்ன தேதியில் திரும்பவும் வந்து வேலையை முழுசாக முடித்தார்கள். அதே அதிகாரி மறுபடி வந்தார். அனுமதி கிடைத்தது. ஓவனின் ஸ்டிக்கரை அக்கா கிழித்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மாமாவும் தட்டினார், எதிரியை ஏற்கெனவே தளர்த்தி வைத்தது தான்தான் என்று என் காதில் சொல்லிக்கொண்டே தட்டினார்.

முதல் கேக் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அக்காவின் கேக்கை நாங்கள் மூடிவைப்பதே இல்லை. மேஜைமேல் திறந்தபடி கிடக்கிறது, எதுவும் அதைத் தொடுவதில்லை. எதிர்வீட்டிலிருந்து தப்பித்துத் தண்ணீர்க் குழாய் வழியாகக் குடிவந்தவர்கள் வேறு எதையோ தின்று சௌக்கியமாக இருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் அந்த மாதிரி எல்லாம் இல்லை, எப்போதாவது ஒன்றிரண்டு தென்படும், அவ்வளவுதான், அப்படித்தானே? அந்த ஒன்றிரண்டு யார் என்று விசாரித்தீர்களா? போன மாதம் ஒன்றைச் செருப்பால் அடித்தீர்கள். சரியாகப் படவில்லை, காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்கு அடியில் ஓடிற்று. குனிய முதுகு வலித்தது. எப்படியும் செத்துடும் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக் கீழே போட்டீர்கள். அது சாகவில்லை. அங்கேயேதான், பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறது. உங்களைப்பற்றி அந்தக் குடும்பத்துக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம்.