யாவரும் நுழையத்தக்க இணையத்தளம்

கண் தெரியாதவர், காது கேளாதவர், கைகால் வழங்காதவர் என்று யாவருக்கும் கதவைத் திறந்துவிட்ட இணையத்தளம் இந்தப் பூமியில் முதன்முதலாக எங்கே உதித்தது என்று நாளைய வரலாற்றாசிரியர்கள் தேடினால், அதிகம் அலைய வேண்டியதில்லை. அட்டன் பஸ் நிலையத்தில் இறங்கி, மலைநாட்டு மக்கள் மேம்பாட்டுப் பணிமனைக்கு வழி கேட்டால் போதும். பணிமனை மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஆனால் படிக்கட்டின் அடியில் சக்கர நாற்காலிப் படம் ஒன்று பெரிதாகவே ஒட்டப்பட்டிருக்கிறது.

தளத்தின் தந்தை தலைமை எழுதுவினைஞர் செல்லசாமி. இருபத்திரண்டு வருடம் ஆவணப் பிரிவில் குப்பை கொட்டியவர். முத்திரை குத்தாத கடிதம் அவரைப் பொறுத்தவரை வெறும் வதந்தி. ‘இம்மாத இறுதிக்குள் இணையத்தளம் யாவருக்கும் ஏற்றதாக்கப்பட வேண்டும்’ என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, பணிப்பாளர் அந்த மகத்தான பொறுப்பை அவர் தலையில் கட்டினார்.

செல்லசாமி ஊண் உறக்கம் பாராமல் உழைத்தார். பதினேழு பக்கங்களையும் தட்டச்சு செய்து, அச்செடுத்து, பணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றிலும் ஊதா முத்திரையைக் குத்தி, அவற்றைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றினார். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் ஒவ்வொரு கேள்விப் படத்தின் கீழும் பதில் எழுத ஒரு கட்டம் விட்டார். முத்திரையில்லாத வெற்றெழுத்தை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுப்பது அவர்களை அவமதிப்பது என்பது அவர் கொள்கை.

அங்குரார்ப்பண விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மடிக்கணினிக்கு மாலை போட்டார்கள். குங்குமப் பொட்டை யாரோ அதன் கமரா மேலேயே வைத்துவிட்டதால், கொழும்பிலிருந்து இணைந்திருந்த மேலதிகாரிகளுக்கு விழா முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது. ‘உணர்வுபூர்வமான நிகழ்வு’ என்று அவர்கள் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

தளத்தின் முதல் அறிவித்தலும் புரட்சிகரமானது. பணிமனைக்குத் தொலைபேசி இயக்குநர் ஒருவர் தேவை. பார்வையற்றோர் மட்டும் விண்ணப்பிக்கலாம். இணையத்தளம் ஊடாக மட்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி வந்த பிரேமினி, வெள்ளைக்கோலால் படிகளைத் தட்டிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். தொலைபேசி இயக்கும் பயிற்சியை முடித்து இரண்டு வருடம். போன இடத்திலெல்லாம் கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவளைக் கேட்டு வந்த முதல் வேலை இதுதான். செல்லசாமிக்கு அவளைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. தம் தளத்தின் பயனாளி ஒருவரை அவர் நேரில் காண்பது அதுவே முதல் தடவை. நாற்காலி கொடுத்து, பிளேன்டீயும் வரவழைத்தார்.

“சேர், ஒங்க தளத்த தொறந்தா, எழுத்த வாசிச்சு சொல்ற என் போன் ‘படம்’னு மட்டுந்தான் சொல்லுதுங்க. அடுத்த பக்கம் போனாலும் ‘படம்’. பதினேழு தடவ சொல்லிருச்சு.”

“சரியாத்தானே தங்கச்சி சொல்லுது. பதினேழும் படந்தான்.”

“படத்துல என்னா எழுதிருக்குன்னு அதுக்கு வாசிக்க தெரியாதுங்க. எழுத்தா போட்டிருந்தா கடகடன்னு வாசிச்சிரும்.”

“எழுத்தா போட்டா முத்திரைய எங்க குத்துறது?”

பிரேமினி பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தாள். செல்லசாமிக்குத் தம் வாதத்தின் வலிமை அப்போதுதான் முழுமையாகப் புலப்பட்டது.

“அப்ப கடதாசி படிவம் ஒன்னு குடுங்க சேர். நான் சொல்றேன், யாராச்சும் எழுதட்டும்.”

“கடதாசிய நிப்பாட்டியாச்சு. ஒங்களுக்காகத்தான். கடதாசி வாசிக்க நீங்க கஷ்டப்படுவீங்கன்னு.”

“பக்கத்து லயத்து வீட்டு லோஜினி, தளத்துலயே நெரப்பித் தாரேன்னுதான் சொன்னாங்க. ஆனா கடைசியில ‘எவரது உதவியும் பெறவில்லை’ன்னு உறுதி குடுக்கணுமாமே. பொய் சொல்லி வேலைக்கு வரவேணாம்னு பாத்தேன்.”

“ஏழாம் பிரிவு,” என்றார் செல்லசாமி பெருமிதத்தோடு. “மாற்றுத்திறனாளிங்களோட தன்னம்பிக்கைய வளக்கணும்னு நானே சேத்தது.”

“அப்ப இதப்பத்தி முறைப்பாடு குடுக்கலாங்களா?”

“தாராளமா. தளத்துல பதினாறாம் பக்கம்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அடங்கி, கோப்பையைக் கையில் உருட்டியபடி சொன்னாள்: “அம்மாவுக்கு முழங்கால் போயிருச்சுங்க சேர். அடுத்த மாசத்துல இருந்து கொழுந்து பறிக்கப் போக ஏலாது. இந்த வேலைய விட்டா எங்களுக்கு வேற வழி இல்ல. மூணு மணி வரைக்கும் இங்கயே இருக்கேன். எழுத்தா மாத்துனீங்கன்னா, நானே போன்ல நெரப்பிருவேன். பத்து நிமிசம் போதும்.”

செல்லசாமி கல்நெஞ்சர் அல்லர். பகல் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைத்தார். இரண்டரை மணிக்குக் கணினியைத் திறந்து, படிவத்தின் முதல் கேள்வியை எழுத்தாகவே தளத்தில் போட்டார். ‘விண்ணப்பதாரியின் முழுப்பெயர்.’ நாற்காலியில் இருந்த பிரேமினியின் போன் அதைத் தெளிவாக வாசித்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரை எழுதத் தொடங்கினாள். செல்லசாமி திரையைப் பார்த்தார். கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் அந்த எழுத்து அம்மணமாக நின்றது. நாளை கணக்காய்வாளர் வந்து ‘இதை யார் அனுமதித்தது?’ என்று கேட்டால்? பணிப்பாளரோ நானுஓயாவில் ஒரு திறப்பு விழாவுக்குப் போயிருந்தார். இருபத்திரண்டு வருடச் சேவையில் கறை படியக்கூடாது. எழுத்தை அழித்துவிட்டுப் பழைய படத்தையே திரும்ப ஏற்றினார்.

“படம்,” என்றது போன்.

பிரேமினி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று மணி அடித்தது. செல்லசாமி கொழும்புக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைத் தட்டச்சு செய்தார். தட்டுவதை வாய்விட்டு வாசிப்பது அவர் வழக்கம்.

“முறைப்பாடுகள், இல்லை. கிடைத்த விண்ணப்பங்கள், இல்லை. பார்வையற்றோர் எவரும் இப்பதவியில் அக்கறை காட்டாமையால், பார்வையுள்ள ஒருவரை நியமிக்குமாறு சிபாரிசு செய்கிறேன். விண்ணப்பிக்கவென ஒருவரும் வரவில்லை.”

“நான் காலையில இருந்து இங்கதான் சேர் இருக்கேன்,” என்றாள் பிரேமினி.

செல்லசாமியின் விரல்கள் நின்றன. நேர்மையான மனிதர், பொய்யான அறிக்கையில் அவர் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. கடைசி வரியை அழித்துவிட்டு, திருத்தி எழுதினார்:

‘ஒருவர் வந்தார். விண்ணப்பிக்கவில்லை.’