இருநூற்றுப் பன்னிரண்டு சன்னங்கள்

2019 ஒக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். பிளேன்ரீ குடித்தேன். 6.15 பேருந்தில் நாங்கள் குடியிருக்கும் பிரான்காச்சோவிலிருந்து புறப்பட்டு, 7.05க்குக் கால்சாவில் எங்கள் முதலாளி சிஞ்ஞோர் வீட்டு மூன்றாம் மாடிக்கு நானும் மனைவி ஜெசிந்தாவும் ஏறி முடித்தோம். அவளுக்குச் சமையல், எனக்கு மற்ற எல்லாம். படிக்கட்டைக் கூட்டினேன், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்தேன். நாட்குறிப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 10.40க்குப் பிறகுதான் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. பாதி சிஞ்ஞோர்மேல், மீதி என்மேல்.

சிஞ்ஞோர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். வயது எழுபது. காட்டுப்பன்றி வேட்டைக்காரர். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. பின்னறையில் உட்கார்ந்து தானே செய்வார்: வெற்றுக் கோதைச் சுத்தமாக்கி, வெடிமருந்தை நிறுத்து நிரப்பி, நுனியில் சன்னத்தை, அதாவது பாய்ந்து போகும் குண்டை, பொருத்தி அழுத்துவார். எந்தச் சன்னம் என்பதில்தான் அவருடைய தத்துவம் முழுவதும் இருந்தது. சன்னத்தின் எடையைக் கிறெயினில் சொல்லுவார்; நூற்றைம்பது கிறெயின் சன்னம் இலேசு. வேகமாகப் போகும், வெட்டவெளிச் சரிவுக்கு நல்லது. நூற்றறுபத்தைந்து பாரம். சற்று மெதுவாகப் போனாலும் பன்றியின் தோளுக்குள் ஆழமாக இறங்கும், பற்றைக்காட்டுக்கு அதுதான். ஒவ்வொன்றுக்கும் மருந்தளவு வேறு. எல்லாம் ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். (நான் ஜன்னல் துடைக்கும்போதெல்லாம் இதை எனக்குச் சொல்லுவார். சன்னம் என்றால் குனிந்து ஓடவேண்டிய சாமான் என்று மட்டும் ஊர்ப் போரில் படித்துவிட்டு வந்தவன் நான். அதையும் ஒருவர் கத்தரிக்காய் மாதிரி தெரிந்தெடுப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

அந்த வெள்ளிக்கிழமை குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் என் பெர்மெசோவைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. அதற்குச் சிஞ்ஞோர் கையெழுத்திட்ட வேலைப் பத்திரம் தேவை. "இன்று பின்னேரம் போட்டுத் தருகிறேன்" என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

10.40க்குச் சிஞ்ஞோரின் மனைவி சிஞ்ஞோரா என்னைப் பின்னறையைத் தூசி தட்டச் சொன்னார். மேசையில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். இரண்டும் அரைவாசி. இரண்டுக்குள்ளும் செப்பு நிறச் சன்னங்கள், ஒரே பருமன், ஒரே பளபளப்பு. அரைவாசியாக இரண்டு போத்தல்களைக் கண்டால் என் கை சும்மா இராது. எங்கள் வீட்டில் சீனியும் பருப்பும் பால்மாவும் அப்படித்தான் ஒன்றுசேரும். மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரே போத்தலில் நிரப்பி, தேதியும் எழுதி ஒட்டினேன். (சில கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தன. கவனித்தேன். பயற்றங்காயிலும்தான் சில நீளம்.) வெறும் போத்தலைக் கழுவியபோது அதன் அடியில் ஒட்டியிருந்த எடைத் துண்டு கரைந்து போய்விட்டது. எடையை எழுதிப் போத்தலின் அடியில் ஒட்டுகிறவர் என்ன பொறியியலாளர்?

11.15க்குச் சிஞ்ஞோர் வந்தார்.

"அன்ரோனியோ! இதைச் செய்தது யார்?"

"நான்தான் சிஞ்ஞோரே. இப்போது மேசையில் எவ்வளவு இடம், பாருங்கள்." (பெருமையோடு சொன்னேன். எழுதவே கூசுகிறது.)

அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "இலேசுக்கு அளந்த மருந்தின்மேல் பாரச் சன்னத்தை வைத்துச் சுட்டால் என்ன நடக்கும் தெரியுமா? துப்பாக்கியே வெடிக்கலாம். பன்றியின் முகத்தில் இல்லை, என் முகத்தில்!"

பிறகு சிறிய மின்தராசை என் முன்னால் தள்ளினார். "ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரி. அதற்குப் பிறகுதான் உன் பத்திரம்."

மின்தூக்கி பழுதான மாதம் சிஞ்ஞோராவின் தாயைக் கதிரையோடு மூன்று மாடி இறக்கியவன் நான். ஒரு முறையல்ல, ஒன்பது முறை. திகதிகள் என்னிடம் இருக்கின்றன. அப்படியிருந்தும் சிஞ்ஞோர் என் பெர்மெசோவை ஒரு குவியல் செம்பில் கட்டித் தொங்கவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெசிந்தா அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னப்பா, வேலை போச்சோ?"

"இல்லை. சன்னம் நிறுக்கிறன்."

"வீட்டிலை மல்லியையும் சீரகத்தையும் ஒண்டாக் கொட்டேக்கையே சொன்னனான். கேட்டனீங்களோ?"

"நீர் போய் அடுப்பைப் பாரும். எண்ணிக்கை பிழைக்கப் போகுது."

"ஓம், போறன். பழகி வையுங்கோ. பெர்மெசோ இல்லாட்டி ஊரிலை போய்ச் சந்தையிலை தராசு பிடிக்கலாம்."

பல்கணிக் காற்றடித்தால் தராசின் இலக்கங்கள் ஆடின. நான் மூச்சு விட்டாலும் ஆடின. கோபத்தில் மூச்சு விடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று அறிந்தேன். 4.30க்கு முடித்தேன்: பாரம் 119, இலேசு 93.

சிஞ்ஞோர் கொப்பியைப் பிரித்தார். பாரம் 116, இலேசு 96. "பிழை. திரும்ப நிறு" என்றார்.

திரும்ப நிறுத்தேன். 119, 93.

"நீ எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டாயா?"

என்னை எதுவும் சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது. எழுந்து நின்றேன். "சிஞ்ஞோரே, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. உங்கள் கொப்பியிலும் அதுதான். துடைத்ததால் மூன்று இலேசுச் சன்னம் பாரமாகிவிடாது. அந்த மூன்றும் முன்னமே இலேசுப் போத்தலுக்குள் கிடந்தன. போட்டது நீங்கள். நான் கலந்திருக்காவிட்டால், வருகிற சனிக்கிழமை வேட்டைக்கு அவற்றை இலேசு மருந்தின்மேல்தான் வைத்திருப்பீர்கள்!"

என் குரல் கீழ்மாடிவரை கேட்டதாம். அவர் வெளிறிப்போனார். என் பத்திரத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போனார்.

பேருந்தில் ஜெசிந்தா மெல்லத் தொடங்கினாள். "வாயைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

"உண்மையைத்தானே சொன்னனான்."

"உண்மைக்கு குவெஸ்தூராவிலை முத்திரை குத்துவினமோ?"

நாட்குறிப்பை எடுத்து இறங்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்த இரண்டு போத்தலுக்குக் கிட்ட நான் போனாலும் மகள்மார் இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள்: "அஸ்பெத்தா பப்பா, பொறுங்கோ! முதல்ல நிறுங்கோ!" போன நத்தார்ப் பண்டிகைக்கு மூத்தவள் எனக்குத் தராசு ஒன்றைப் பொதிசெய்து தந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை, 7.05க்கு நான் போனபோது சிஞ்ஞோர் இரவு உடுப்போடு தராசின் முன்னால் இருந்தார். ஐந்து மணியிலிருந்து நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்று சிஞ்ஞோரா கண்ணால் சைகை காட்டினார். அவருடைய கொப்பியில் பழைய இரண்டு எண்களும் வெட்டப்பட்டிருந்தன. மேலே 119, 93. நன்றி இல்லை, மன்னிப்பும் இல்லை. இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, பத்திரத்தை என் பக்கம் தள்ளினார். "ஜன்னல்களைத் துடை" என்றார்.

நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. மூன்று மாடியும் இறங்கி, தெருமுனைக் கடைக்குப் போய், அவர் மனம் மாறுமுன் மூன்று பிரதி எடுத்தேன்.