ஒரு ஜெபமாலை நேரம்

ஜெபமாலையின் வல்லமைக்குச் சாட்சி சொல்பவர்கள், காய்ச்சல் இறங்கியதைச் சொல்வார்கள், காணாமல் போன மாடு திரும்பி வந்ததைச் சொல்வார்கள். என்னிடமும் ஒரு சாட்சி உண்டு. ஜெபமாலை சொன்னதால் ஓர் அறை நிறைய ஏலக்காய் கருகிப்போனது. (மாதாவின் மேல் தப்பில்லை. தப்பு முழுக்க என் வாயின் மேல். திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது.)

ஐம்பதுகளின் நடுவில் ஓர் அக்டோபர் மாதம். கல்யாணமாகி, சிலமலையிலிருந்து குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டத்துக்கு நான் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் நெருப்புப் பார்க்கும் வேலை. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்புச் சூட்டைக் குழாய் வழியே விட்டு உலர்த்துகிற அறை. கடைசிச் சூடு கொஞ்சம் கூடினாலும் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை போடி மண்டியில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முந்தின பருவத்தில் அப்படி நிறத்தைக் கெடுத்த ஓர் ஆளை முதலாளி மறுநாளே மலையைவிட்டு இறக்கிவிட்டார்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் கடிகாரம் கிடையாது. என் மாமியாருக்கு ஜெபமாலைதான் கடிகாரம். காப்பித்தண்ணி கொதிக்க ஒரு தேவ ரகசியம், அதாவது பத்து மங்கள வார்த்தை ஜெபம். ஐந்து தேவ ரகசியம் சேர்ந்தால் ஒரு ஜெபமாலை. கஞ்சி வேக மூன்று தேவ ரகசியம். அந்தக் கணக்கில் சோறு ஒருநாளும் குழைந்ததில்லை.

அன்று சாயங்காலம், பொதி ஏற்றக் கழுதைக்காரரைக் கூட்டிவர என் வீட்டுக்காரர் குரங்கணிக்குக் கிளம்பினார்.

"ஏ புள்ள, கடைசிச் சூடு போட்டிருக்கேன். ஒரு ஜெபமாலை நேரம் எரியட்டும். அப்புறம் வெரசாப் போயி விறகை வெளிய இழுத்துப் போட்டு, சன்னலைத் தொறந்து விட்ரு. காலையில மொதலாளி வர்றாரு. மறந்துராத."

"சரி" என்று தலையை ஆட்டினேன். தனியாகச் சொன்னால் ஜெபமாலை சீக்கிரம் முடியும், கூட்டத்தோடு சொன்னால் இழுக்கும். ஜெபமாலை மாதமான அக்டோபரில் நாளுக்கொரு வீடாகப் போகிற மாதா சுரூபம் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வரும் முறை என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

அவர் தலை மறைந்ததும் பாட்டுச் சத்தம் கேட்டது. லைன் சனம் முழுக்கச் சுரூபத்தோடு வந்துவிட்டது. ஜெபம் சொல்லி நடத்துவதற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புதிதாக வந்த உபதேசியாரும் கூட இருந்தார். புதுப்பெண் என்று என்னைச் சுரூபத்துக்குப் பக்கத்திலேயே முழங்காலிட வைத்தார்கள். எனக்கும் வாசலுக்கும் நடுவே ஊரே இருந்தது.

உபதேசியார் ஒவ்வொரு வார்த்தையையும் கரும்பு மாதிரி மென்று மென்று சொன்னார். இரண்டாம் தேவ ரகசியத்திலேயே என் கணக்குப்படி நேரம் முடிந்துவிட்டது. எழுந்து, "ஸ்டோர்ல ஒரு சோலி இருக்கு" என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அவர் தன் பாதியை முடிப்பதற்குள், சனம் சொல்ல வேண்டிய மறுபாதியை நான் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று முந்திக்கொண்டு சத்தமாகத் தொடங்கினேன். அவரை ஓட்டப் பார்த்தேன். சனமும் என்னோடு ஓடியது. அவர் மட்டும் ஓடவில்லை.

மாமியார் பூரித்துப்போனார்.

"எங்க மருமகளுக்கு என்னா பக்தி பாருங்க! அடுத்த தேவ ரகசியம் அவளே சொல்லட்டும் ஐயா."

மாதாவே வழி திறந்தாள் என்று நினைத்தேன். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பைப் போலப் பறந்தேன். பத்து மணிகளில் ஆறை உருட்டியதுமே, பத்தும் முடிந்தபின் சொல்ல வேண்டிய பிதாவுக்கும் சுதனுக்கும் மகிமையைச் சொல்லிவிட்டேன். அதுவரை சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சூசை மாமா ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏத்தா, ஆறுதான ஆச்சு? மிச்சம் நாலை மாதாவுக்கு யாரு குடுப்பா?"

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் உபதேசியார்.

சொன்னேன். ஒருவழியாக ஜெபமாலை முடிந்ததும் கருத்துகள் தொடங்கின, வேண்டுதலுக்கு ஒரு ஜெபமாக. மழைக்கு ஒன்று, உத்தரிக்கிற ஆத்துமங்களுக்கு ஒன்று, சினையாக இருந்த சூசை மாமாவின் பசுவுக்கு ஒன்று. கடைசியில் மாமியார், "எம்மகன் ஸ்டோர்ல காயிற ஏலக்காய் நல்ல நெறமா வரணும்னு ஒண்ணு" என்றார். அதையும் முழங்காலில் நின்று உருக்கமாகச் சொன்னேன். காய் கருகாமலிருக்க வேண்டிக்கொண்டே அதைக் கருகவிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போது மணம் வந்தது. வீடு நிறைய, நெஞ்சு நிறைய, கமகமவென்று.

உபதேசியார் கண்ணை மூடினார். "மணம் வருதா? மாதா நம்ம நடுவுல வந்துட்டா!"

ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்த சனம் அது. எல்லாருக்கும் தெரியும், அது என்ன மணம் என்று. ஒருவரையொருவர் பார்த்தார்கள். உபதேசியாரை மறுத்துப் பேச யாருக்கும் துணிவில்லை. (எனக்கு மட்டும்தான் கூச்சம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.)

"மாதா வந்திருக்கும்போது சும்மா அனுப்பலாமா? இன்னொரு பிரார்த்தனை சொல்லுவோம்" என்றார் அவர்.

சொன்னோம்.

முடிந்ததும் ஓடினேன். விறகை இழுத்துப்போட்டுவிட்டு ஸ்டோர்க் கதவைத் திறந்தால், தட்டுத் தட்டாகக் காப்பிக்கொட்டை நிறத்தில் ஏலக்காய். வெடித்து, வாய் பிளந்து, என்னைப் பார்த்துச் சிரித்தது.

கழுதைக்காரரோடு திரும்பிய என் வீட்டுக்காரர் ஒரு காயை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலையில் முதலாளி வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். முகம் சுண்டியது.

"யாரு வேலைய்யா இது?"

நான் தூணோடு தூணாக நின்றேன். மாமியார் கழுத்தில் ஜெபமாலையோடு முன்னால் வந்தார்.

"எம்மருமக மூணு தடவை எந்திரிச்சா மொதலாளி. நாந்தான் முந்தானையப் புடிச்சு உக்கார வச்சேன். ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

நான் ஒரு தடவைகூட எழவில்லை. அது அவருக்கும் தெரியும்.

முதலாளி அந்தம்மாளையும் ஜெபமாலையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க சாமிக்கு நெறம் வேணாம், மணம் போதும் போலருக்கு" என்றவர், என் வீட்டுக்காரர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, "பெட்டியை உள்ள கொண்டுபோயி வையிடா. இனிமே சாமி கும்பிடுற அன்னைக்கு அடுப்பு மூட்டாத" என்றார். அடுத்த வாரம் ஓர் அலாரம் கடிகாரமும் அனுப்பிவைத்தார். மாமியார் அதற்குச் சாவி கொடுத்ததே இல்லை. சுரூபத்துக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாமியார் போடிக் கோயிலில் சாமியாரிடம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் கொடுத்த அபராதம் ஒரு முழு ஜெபமாலை. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்காகத்தான பொய் சொன்னேன்? பாதி நீ சொல்லு. மொதல்ல அடுப்பப் பாத்துட்டு வா."

பாதி பாதியாகச் சொன்னோம். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தை இல்லை, அம்மா.

இப்போது போடியில் இருக்கிறோம். சாயங்கால ஜெபமாலைக்குச் சிலுவை போடுமுன் என் பிள்ளைகளில் யாராவது, "அடுப்பப் பாத்தாச்சா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அப்படியும் மாதத்துக்கு ஒருநாள் பாலோ பருப்போ அடிப்பிடித்துப்போகும். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கருகல் வாடை என்று சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "புள்ள, மாதா வந்துட்டா" என்பார். நான் எழுந்து ஓடுவேன். எழுந்து போகலாமா என்று இப்போதெல்லாம் யாரிடமும் கேட்பதில்லை.