பனையடி ஆடும் அதன் தொடலியும்

அச்சுவேலி
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி சோமசேகரம் அவர்களுக்கு,

பிள்ளையார் அருளால் நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்பதை வேலிக்கு அப்பால் கேட்கும் உங்கள் இருமலால் அறிகிறேன்.

செவ்வாய் பின்னேரம், வரும் ஞாயிறு உங்கள் மகன் கஜானன் கட்டும் தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கில் கன்னிக்கால் நடுவதற்கென்று வேலியோரம் நீங்கள் வளர்த்த முள்முருக்கு மொட்டையாக நின்றதைக் கண்டு, "உங்கடை ஆடுதான் திண்டது. பொம்பிளை பகுதிக்கு ஒரு ஆட்டைக் கட்டத் தெரியேல்லை" என்று வேலியடியில் நின்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். நான் உள்ளே போய், மகள் தக்சாயினி உயர்தரத்தில் படித்த கணிதப் புத்தகத்தை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்று தண்ணீர்ப் பம்பு திருத்திப் பிழைத்தவன்தான் நான். ஆனால் அவள் மூடிவைத்த அந்தப் புத்தகத்தை நானாகவே படித்து முடித்தவன்.

என் ஆடு பனையில் கட்டப்படுவது. அது சுற்றச் சுற்றக் கயிறும் பனையில் சுற்றிக் குறுகும். ஆகையால் அதன் பாதை வட்டமல்ல, உள்ளே சுருளும் வளையி. அதை ஒரே சமன்பாட்டில் எழுதப் போனால் நமக்குத்தான் தலை சுற்றும். கயிறு சுற்றிய கோணத்தை t என்று வைத்து, ஆடு கிழக்கே எவ்வளவு என்பதை x ஆகவும் வடக்கே எவ்வளவு என்பதை y ஆகவும் தனித்தனியே t-இல் எழுதினேன். இவைதான் பரமானச் சமன்பாடுகள். இரண்டையும் t குறித்து வகையிட்டு, y-இன் பெறுதியை x-இன் பெறுதியால் வகுத்தால் தொடலியின் சரிவு வரும். அதாவது அந்தக் கணத்தில் ஆடு போகும் திசை. உங்கள் வேலிக்கு மிகக் கிட்ட வரும் இடத்தில் அந்தத் தொடலி வேலிக்குச் சமாந்தரம். ஆடு வேலியோரமாகப் போகிறதே தவிர வேலியை நோக்கிப் போகவில்லை. அங்கிருந்தும் முள்முருக்குக்கு மூன்று முழம் மிச்சம்.

ஆகவே சொன்ன சொல்லை, அதே வேலியடியில் நின்று, அதே குரலில் நீங்கள் திரும்பப் பெற வேண்டும். அதுவரை ஞாயிறு பொன்னுருக்குக்கு உங்கள் வாசல் மிதியேன். "பெட்டையின்ரை கலியாணத்தை ஒரு ஆட்டுக்காகக் குழப்பப் போறியளோ" என்று என் மனைவி கமலாவதி சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். நான் நிற்பது ஆட்டுக்காக அல்ல, சரிவுக்காக.

கஜானனுக்கு என் ஆசிகள். அவரோடு எனக்கு வழக்கில்லை.

இப்படிக்கு,
ஆ. சீவரத்தினம்

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தைக் கமலாவதிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இஞ்சருங்கோ, அண்டைக்கு ஆடு பனையிலை நிக்கேல்லை. உடுப்புக் காயப்போட இடைஞ்சலா நிண்டதெண்டு நான்தான் அவிட்டு வேலிக் கதியாலிலை கட்டினனான்" என்றாள். கணக்கில் பிழையில்லை, மரம்தான் மாறிவிட்டது. ஞாயிறு வருகிறோம். கன்னிக்காலுக்கு என் வளவு முள்முருக்கில் நேரான தடி ஒன்று வெட்டி வருவேன். கணக்கெழுதிய தாளும் வரும். பனையில் கட்டியிருந்தால் ஆடு தின்றிருக்காது என்பதை மட்டும் நீங்கள் ஒப்புக்கொண்டால் போதும்.